ஐந்தாவது வரி

'முன் அனுபவம்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டான்.

கை தானாக மில்லின் பெயரை எழுதப் போனது. அவன் விடவில்லை.

நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன். சங்கத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். தன் பெயருக்கு அடுத்தபடி அவன் கற்றுக்கொண்டது மில்லின் பெயரைத்தான். மதில் நெடுக ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. வேலைக்குப் போகையில் ஓர் எழுத்து, திரும்பி வருகையில் ஓர் எழுத்து. யோசிக்காமல் அவனுக்கு வருகிற சொல் அது ஒன்றுதான்.

அதைத்தான் எழுதக் கூடாது.

வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் அது. மாடியில் ஒரே அறை. கேட்டில் வருகிற வண்டி நம்பரை எல்லாம் நோட்டில் எழுத வேண்டுமாம். அதனால் பயோடேட்டாவைச் சொந்தக் கையால், அங்கேயே உட்கார்ந்து எழுதித் தரச் சொன்னார்கள்.

மூன்று வெள்ளைத் தாள் வாங்கி வந்திருந்தான். ஒன்று இதற்கு. ஒன்று எழுதிக் கெடுக்க.

மூன்றாவது மாடத்திக்கு.

மாடத்தி கீழே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். சொள்ளமுத்துவின் பெண்டாட்டி. சொள்ளமுத்து போன தை மாதம் போய்ச் சேர்ந்தான். இருமி இருமித்தான் போனான். கல் அரைக்கிற மில்லின் மாவுத் தூசிதான் அவனைக் கொன்றது என்று அவள் மனுக் கொடுத்திருக்கிறாள். அப்படி ஒரு ஆள் இங்கே வேலையே பார்க்கவில்லை என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. யார் பெயரும் இல்லை.

கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், நானும் அவனும் சேர்ந்து நின்றோம் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மனு நிற்கும். லேபர் ஆபீஸில் அப்படித்தான் சொன்னார்களாம்.

அந்த ஷிப்டில் ஏழு பேர்.

உயிரோடு மிச்சம் இவன்.

சொள்ளமுத்து ஒரு நாளும் வகுப்புக்கு வந்ததில்லை. "எனக்கும் சேத்து நீயே படிச்சிருல" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவான்.

"என்ன அண்ணாச்சி, பரீட்சையா எழுதுதீக?"

மேசைக்குப் பின்னாலிருந்து செல்வின் கேட்டான். ஆள் எடுப்பவன் அவன்தான். பாதி வயதுகூட இருக்காது.

"பேரு, வயசு, பாத்த வேலை. அம்புட்டுத்தான். மில்லுல கெடந்தத மட்டும் போட்ராதீக. போன மாசம் ரெண்டு பேரு போட்டாக. நெஞ்சுப் படம் எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி விட்டுட்டாக."

அவன் தலையாட்டினான்.

"கேஸு, சாட்சின்னு எங்கயாவது பேரு அடிபட்டாலும் அன்னைக்கே யூனிஃபார்மக் கழட்டிர வேண்டியதுதான். நான் சொல்லல. மேல சொல்லுதாக."

நெஞ்சுப் படம் அவனிடம் இருக்கிறது. பழுப்பு உறையில், பாய்க்கு அடியில். டாக்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இனி மூட்டை தூக்க முடியாது. சாரம் ஏற முடியாது. ஒரு நாற்காலி கிடைத்தால் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதலாம். இதை விட்டால் வேறு வேலை இல்லை.

எழுதினான்.

'பத்தொன்பது வருடம் விவசாயக் கூலி.'

ஒரு நாள்கூட வயலில் இறங்கியவன் இல்லை. ஆனால் ஓர் அடித்தல் விழவில்லை. கெடுக்க வாங்கிய தாள் அப்படியே மிஞ்சியது.

செல்வின் வாங்கிப் பார்த்தான். "கையெழுத்து முத்து முத்தால்லா இருக்கு. எந்தப் பள்ளிக்கூடம் அண்ணாச்சி?"

வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும். சிரித்து வைத்தான்.

"சரி. திங்கக்கிழம வந்து சட்டை அளவு குடுத்துட்டுப் போங்க."

பாதிப் படி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டான். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. கண்ணில் நீர் முட்டுகிற வரைக்கும் இருமினான்.

அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தொடையில் மூன்றாவது தாளை வைத்து எழுதினான்.

சொள்ளமுத்து நல்லவர்.

அவர் மில்லில் வேலை பார்த்தார்.

பகலெல்லாம் தூசியில் நின்றார்.

அதனால் இறந்தார்.

ஐந்தாவது வரி தொடங்க வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தான். வைத்தபடியே இருந்தான். அந்த இடத்தில் மை ஊறிப் பொட்டு மாதிரி ஆனது. எடுத்துவிட்டான்.

அடியில் 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்' என்று போட்டு மடித்தான்.

மாடத்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. திருப்பி அவனிடமே நீட்டினாள்.

"ஒருக்கா வாசிங்கண்ணே. காதால கேட்டுக்கிடுதேன்."

நான்கு வரியையும் வாசித்தான்.

அவள் இன்னும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அவரும் ஒரே மிசினுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒன்றாக நின்றோம்" என்று பொட்டைப் பார்த்துக்கொண்டு வாசித்தான்.

ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை.

மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை வாங்கி மடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"இதுல ஒங்க பேரு எதுண்ணே?"

அவன் அடியில் விரலை வைத்தான்.

அவள் கட்டை விரலால் அதை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் தடவினாள்.

"இம்புட்டு நீளமாண்ணே ஒங்க பேரு?"

"எழுதுனா நீளந்தான் தாயி" என்றான்.