சிவப்புச் செடி வரிசை

கையில் அரிவாளோடு மோயிஸ் கிழவர் மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும், கூரைமேல் உட்கார்ந்திருந்த தச்சன் லியோன்ஸுக்கு வாயில் கவ்வியிருந்த ஆணி தொண்டைக்குள் போகப் பார்த்தது.

துப்பினான். நாலு ஆணி கீழே விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் இல்லை.

கீழே ஒரே கும்மாளம். ஆறு சனிக்கிழமையாக நடந்த கூட்டு வேலை, கடைசித் தகரத்தோடு இன்று முடிகிறது. கூலி யாருக்கும் கிடையாது. பன்றிவால் போட்ட பயறுக் குழம்பும் ஒரு மடக்கு ரம்மும்தான். தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து வேன் பிடித்து உதவிக்கு வந்த பேங்க்காரர்கள் மேளத்தைப் போட்டு அடிக்க, வெர்லினா கரண்டியும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

புயலில் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்துக் கிடந்தவள். இன்று சொந்தக் கூரைக்குக் கீழே தூங்கப் போகிறாள். ஆடாமல் என்ன செய்வாள்?

லியோன்ஸ் மட்டும் காலையிலிருந்து மோயிஸ் வருகிறாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். குப்பைமேட்டில் சிவப்பு இலைச் செடிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டான்.

அந்த ஊரில் வேலி, கல் எதுவும் கிடையாது. சிவப்பு இலைச் செடி வரிசையாக நின்றால் அதுதான் நிலத்துக்கு எல்லை. தவழும் குழந்தைகூட அதைத் தொடாது.

பேங்க்கிலிருந்து வந்த ஷெர்னெல் தொட்டிருந்தாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. முதல் சனிக்கிழமை மரம் வாங்கப் போயிருந்த லியோன்ஸ்தான் போனில் சொன்னான்: "நான் வர்றதுக்குள்ள இடத்த மொட்டையடிச்சு வைங்க. ஒரு இலை இருக்கக் கூடாது!" உள்ளூர்க்காரர்கள் வந்து சேர்வதற்குள் பேங்க்காரர்கள் அடித்து வைத்தார்கள். வெர்லினாவுக்கும் எல்லை தெரியாது. புயலுக்கு அப்புறம் அவளுடைய ஞானத்தாய் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் அது.

இப்போது சமையலறை முழுசாக மோயிஸ் நிலத்தில் நிற்கிறது. ஆறடி!

ஆறு வாரம் வெளியூரில் இருந்துவிட்டு மோயிஸ் நேற்றுத்தான் திரும்பியிருந்தார். அவர் லேசுப்பட்ட ஆளா? பக்கத்துத் தோட்டத்துச் சீமைப்பலா தன் பக்கம் விழுந்ததற்காக கோர்ட்டுக்குப் போனவர். காய் யாருக்கு என்று கேட்டு இல்லை. ஏன் விழுந்தது என்று கேட்டு!

"மேளத்த நிறுத்துங்கடா!"

நின்றது.

"இங்க வரிசையா சிவப்புச் செடி இருந்துச்சே, யாரு புடுங்கினது?"

லியோன்ஸ் ஏணியில் பாதி இறங்கியிருந்தான். "ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நான்தான் அங்கிள்!" ஷெர்னெல் கையைத் தூக்கினாள். முகத்தில் அத்தனை பெருமை. "ஒத்த ஆளா! ரெண்டு மணி நேரம்! என்னா வேர் அங்கிள் அதுக்கு! இன்னும் தழும்பு இருக்கு, பாருங்க!"

உள்ளூர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள்.

மோயிஸ் அந்த உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்.

"லியோன்ஸ் அண்ணே, ஐயா என்ன கேக்கறாரு?" என்றாள் வெர்லினா.

"வீடு... கொஞ்சம் தள்ளி நின்னுடுச்சும்மா."

"கொஞ்சம்னா?"

"சமையக்கட்டு அளவுக்கு."

வெர்லினா அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இடிக்கணுமா?"

லியோன்ஸுக்கு அழுகை வந்தது. முப்பது வருஷம் தொழில் பார்த்தவன், சொந்த வீட்டைக்கூட இவ்வளவு ஆசையாகக் கட்டினதில்லை.

"நீயெல்லாம் ஒரு தச்சன்! டேப்பு எதுக்குடா வெச்சிருக்கே, முதுகு சொறியவா?" மோயிஸ் கத்தினார்.

"தப்பு என்னோடதுதாங்கய்யா. என்னை என்ன வேணா பண்ணுங்க, அந்தப் பொண்ணு..."

"வாய மூடு! செடியெல்லாம் எங்க?"

குப்பைமேட்டில், நிம்மதியாகத் துளிர் விட்டுக்கொண்டிருந்தன. எங்கே எறிந்தாலும் பிழைத்துக்கொள்கிற சாதி.

"தூக்கிட்டு வாங்க எல்லாத்தையும். நான் காட்டற இடத்துல நடணும். ஒரு அங்குலம் நகரக் கூடாது!"

பேங்க்காரர்கள் கல்யாணச் சீர் கொண்டுபோகிற மாதிரி செடிகளைத் தலையில் சுமந்துகொண்டு கிளம்பினார்கள். "மேளம் அடிக்கலாமா அங்கிள்?" என்று வேறு கேட்டாள் ஷெர்னெல்.

"எதையாவது அடிச்சுத் தொலை!"

மோயிஸ் அடி எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். லியோன்ஸுக்குப் பார்க்கத் தெம்பில்லை. புதுப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மேளச் சத்தம். அரிவாள் மண்ணைக் கொத்துகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே மோயிஸின் தொண்டை.

"ஆழமா தோண்டு! ஏம்மா பேங்க்கு, புடுங்கத் தெரிஞ்சுதுல்ல, நடத் தெரியாதா? நேரா, நேரா!"

கால்மணி நேரம் போயிருக்கும். வெர்லினா அவன் கையைக் கிள்ளினாள்.

"அண்ணே, திரும்பிப் பாருங்களேன்."

திரும்பினான்.

சிவப்புச் செடி வரிசை சமையலறைக்கு அந்தப் பக்கம், சுவரைவிட்டு நாலடி தள்ளி, மோயிஸின் சேப்பங்கிழங்குப் பாத்தியைக் குறுக்கே பிளந்துகொண்டு நூல் பிடித்த மாதிரி போயிருந்தது.

"ஐயா... இது உங்க..."

"என்னடா உங்க? நாப்பது வருஷமா எல்லை இங்கதான். எனக்கே சொல்லித் தர்றியா?"

மோயிஸ் குனிந்தார். வரிசைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கிழங்குச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அந்தப் பக்கம் வீசத் தொடங்கினார்.

"உங்க கிழங்குதானே, இருந்துட்டுப் போகட்டுமே ஐயா," என்றாள் வெர்லினா.

மோயிஸ் நிமிரவே இல்லை.

"அடுத்தவங்க நிலத்துல பயிர் வைக்கிற ஆளு நான் இல்லம்மா. கொஞ்சம் நகரு, இத எடுத்துட்டு உன் இடத்த விட்டுப் போயிடறேன்."