ஒல்லி முளை

டக்கென்று ஒடிந்தது கம்பி.

துண்டு பறந்துபோய் ஆதிமூலத்தின் செருப்பண்டை விழுந்தது. புதுக் கடல்பாலத்துக்கு வருகிற இரும்பையெல்லாம் நட்டுவைத்த முளையில் சுற்றி வளைத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று எழுதுகிறவர் அவர்.

"கலியமூர்த்தி, உன் கம்பி தேறல."

மூலக்குளத்தில் பட்டறை வைத்திருக்கும் கலியமூர்த்தி ஒடிந்த துண்டைப் பொறுக்கினான். பாலத்திலிருந்து படகுக்கு இறங்கும் ஏணிக்கான கம்பி அது. தேறினால்தான் மிச்ச வேலையும் அவன் கைக்கு வரும்.

"இவ்ளோ ஒல்லி முளையில போட்டு முறுக்கினா எந்தக் கம்பி தாங்கும் முசியே? தடி முளையில சுத்துங்க." வெள்ளைக்காரன் காலத்து 'முசியே' இன்னும் அவன் வாயை விட்டுப் போகவில்லை.

"தடி முளையில சுத்தினா கம்பிக்கு நோகாதுடா. நோகாம பாக்கறதுக்கு நான் எதுக்கு?"

"அப்ப நெருப்புல காட்டி வளைங்க."

"கடலுக்குள்ள நிக்கற ஏணிக்கு எவன் வந்து நெருப்பு காட்டுவான்?"

"வெள்ளைக்காரனே கப்பலேறிட்டான். உங்க கெடுபிடி மட்டும் போகல!"

சொல்லிவிட்டு அவனே ஒரு கம்பியைத் தடி முளையில் சுற்றினான். வாழைநார் மாதிரி வளைந்தது.

"பாருங்க, ஒரு கீறல் இருக்குதா? மூட்டை தூக்கறவன் காலு வெக்க இது போதாதா?"

ஆதிமூலம் பாலத்து வேலைக்கான விதிக் காகிதத்தை எடுத்துப் புரட்டினார்.

"காயிதத்துல முளை அளவு போடல. திங்கக்கிழமை வா. எந்த முளைன்னு நீயே சொல்லு. அதுலயே வளைச்சு எழுதிக்கறேன்."

ஜெயித்தாச்சு!

வில்லியனூர் ரோட்டில் சைக்கிள் தானாக மிதந்து போனது. கானல் நெளிந்தது. அதற்குள்ளே ஒரு பாலம் தெரிந்தது. அதன் இரும்பெல்லாம் அவன் அடித்தது. முனையில் கொலுசு குலுங்க ஒரு பெண் குழந்தை ஓடியது. அவன் மகள்தான். பிறந்து பதினஞ்சு நாள்தான் ஆகிறது, அதற்குள் எப்படி வளர்ந்துவிட்டாள்! கலியமூர்த்தி தனியே சிரித்துக்கொண்டான்.

வீட்டு வாசலிலேயே மனைவி சுலோசனா பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பாப்பாவைத் தொட்டில்ல போடணும். உத்தரத்துல மாட்ட கொக்கி எங்க?"

"இதோ, ஒரு நிமிசம்."

கேரியரில் இருந்த அதே கம்பியில் ஒன்றை உருவினான். வாசல் பட்டறையில் இருந்த ஒல்லி முளையில் வைத்துச் சுற்றினான்.

டக்.

இன்னொன்று. அதுவும் டக். மூன்றாவது பாதி வளைவதற்குள்ளேயே வாயைப் பிளந்தது.

மடியில் பாப்பாவை ஆட்டிக்கொண்டே சுலோசனா கேட்டாள்.

"ஏங்க, பக்கத்துல தடி முளை ஒண்ணு கெடக்குதே. அதுல சுத்தினா ஒடையாதில்ல?"

கலியமூர்த்தி சீறினான்.

"புத்தி இருக்குதா உனக்கு? எம்பொண்ணு தூங்கப்போற தொட்டில்டி அது!"