லூமி பேசுவோர் எண்ணிக்கை

“வீட்டுல எத்தனை பேர் பேசுவீங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

கணக்கெடுக்க வந்த பெண் பேனாவை நிறுத்தினாள். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவியை இரக்கத்தோடு பார்த்து, “அக்காவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா?” என்று மெல்லக் கேட்டாள்.

“யாருக்கு, எனக்கா? நான் வாயைத் திறந்தா தெருவே திரும்பிப் பார்க்கும்மா! அவர் லூமியைச் சொல்றாரு.”

லூமி என்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான அவர், தானே உண்டாக்கிய மொழி. கடையில் கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் மெனக்கெட்டிருந்தார். நாலாயிரம் சொற்கள், தனி எழுத்து, ஒரு தாலாட்டு, வேலை தொடங்குமுன் சொல்ல ஒரு பிரார்த்தனை, புது வருஷத்துக்கென்று ஒரு தேதி, எல்லாம் தயார். கண்ணாடி துடைக்கும் துணியில் கொடிகூடத் தைத்தாகிவிட்டது. ஏற்றும்போது கைதட்டத்தான் ஆள் இல்லை.

“இங்க தாய்மொழின்னு இருக்கு சார். உங்க தாய் இதைப் பேசினாங்களா?”

“அவங்க எப்படிம்மா பேசுவாங்க? இந்த மொழிக்குத் தாயே நான்தான்.”

“அடுத்த கட்டம் சமயம்...”

“அதுலயும் லூமின்னே போட்டுக்கோங்க. பிரார்த்தனை இருக்கே!”

“முதல்ல மொழியை ஒரு வழி பண்ணுவோம் சார்.” அவள் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினாள். “ரெண்டு பேராவது பேசினாத்தான் மொழிக்குத் தனி எண். ஒருத்தர் மட்டும்னா ‘மற்றவை’ன்னுதான் போடணும்.”

‘மற்றவை’ அவர் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அடுத்த கணக்கெடுப்புக்குப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் லூமியைப் பேச அவரே இருப்பாரோ மாட்டாரோ!

மனைவிக்குக் கற்றுக்கொடுக்க அவர் படாத பாடு இல்லை. “இருக்கிற ஒரு வாய்க்கு ஒரு மொழி போதும்” என்று அவள் முதல் பாடத்திலேயே எழுந்து போய்விட்டாள். அலமாரியில் இருந்த லூமி அகராதியைத் தினமும் தூசி தட்டி வைப்பதோடு அவளுடைய மொழிப்பற்று முடிந்தது.

ஆனால் அவளுக்கு மூக்கு மட்டும் தனி ரகம். டாக்டர் இனிப்பே கூடாது என்ற பிறகு, அவர் மிட்டாய் டப்பாவை எங்கே ஒளித்தாலும் மறுநாளே மோப்பம் பிடித்துவிடுவாள். ஒளித்த இடம் தனக்கே மறந்துபோகிறதென்று அவர் லூமியில் நாட்குறிப்பு எழுதி வைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

“சரி சார், இப்படி ஒரு மொழி இருக்குங்கிறதுக்காவது ஏதாவது வாசிச்சுக் காட்டுங்க.” மேஜையில் கிடந்த அதே நாட்குறிப்பை எடுத்து, கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து நீட்டினாள் அந்தப் பெண்.

தேதியைப் பார்த்ததும் அவர் வேறு பக்கத்தைத் திருப்பப் போனார். இருந்தாலும் மொழியின் மானம் ஆயிற்றே! தொண்டையைச் செருமிக்கொண்டு ராகம் போட்டு வாசித்தார்.

“பட்டு ஸோ கராபோ. கராபோ நே வில்தா, நே?”

“பட்டுவா?” மனைவி ஓரடி முன்னால் வந்தாள். “என் தம்பியைப் பத்தியா எழுதியிருக்கீங்க?”

“ஆமா... ஆமா.” அவர் மளமளவென்று தமிழில் சொன்னார். “‘மைத்துனர் பட்டு வந்ததில் வீட்டுக்கே ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அவர் இன்னும் பத்து நாள் நம்மோடு தங்கக் கூடாதா என்று மனம் ஏங்குகிறது.’”

“அவ்வளவு சின்ன வரிக்கு இவ்வளவு பெரிய அர்த்தமா சார்?”

“லூமியோட அழகே அதுதாம்மா,” என்றார் அவர் நெற்றியைத் துடைத்தபடி.

“அருமை சார். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே.” அவள் பேனா ‘மற்றவை’ கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. இருபத்திரண்டு வருஷம் ஒரு கட்டத்துக்குள் காணாமல் போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

மனைவி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“ரெண்டு பேர்னு போடும்மா. எனக்கும் தெரியும்.”

அவர் உருகிப் போனார். என்ன இருந்தாலும் கட்டினவள் கட்டினவள்தான். புருஷன் முகம் வாடினால் பொறுக்காமல் அரசாங்கத்திடமே பொய் சொல்லத் துணிந்துவிட்டாளே! இனி மிட்டாயை அவள் பிடுங்கினாலும் முணுமுணுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே சபதம் செய்துகொண்டார்.

“அப்படின்னா அவர் வாசிச்சதுக்கு அர்த்தம் சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன். அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் போதும். எனக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி.”

‘சொல்லு, அப்படியே சொல்லிடு’ என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

மனைவி நாட்குறிப்பை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள்.

“‘பட்டு ஒரு எருமை. எருமை எப்போ கிளம்பும், எப்போ?’”