எதிரே வந்தவள்

"திரும்புங்கடா. இன்னிக்குக் கடல் இல்ல" என்றார் கோல்மன்.

பின்னால் வலையைத் தூக்கிக்கொண்டு வந்த மூவரும் எட்டிப் பார்த்தார்கள். படகுத்துறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் நடுவில் டிலியா நின்றிருந்தாள். தலையில் துணி கட்டவில்லை. செக்கச் சிவந்த முடி தோளெல்லாம் அவிழ்ந்து கிடந்தது.

கடலுக்குப் போகிறவன் எதிரே சிவப்பு முடிக்காரி வந்தால் அன்றைக்குப் படகு இறங்காது. அயர்லாந்தின் கானமராக் கரையில் இதற்கு அப்பீல் கிடையாது.

"ஏழு வருஷமா நாங்க போற வரைக்கும் கதவைத் திறக்காம இருந்தியே, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?" கோல்மன் கத்தினார். "விரிகுடா பூரா கானாங்கெளுத்தி துள்ளுது. பொறுக்கலையா?"

டிலியா வழி விடவில்லை.

கோல்மனின் மகன் கீழே துப்பிவிட்டு, தோஷம் கழியப் பையில் கிடந்த இரும்பு ஆணியைத் தொட்டுக்கொண்டான். நால்வரும் திரும்பி நடந்தார்கள்.

வீட்டில் பார்பரா ஹாலோவீன் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். போன வேகத்தில் திரும்பி வந்த புருஷனையும் மகனையும் பார்த்தாள்.

"என்ன, படகுல ஏறும்போது எவனாவது ஆகாத வார்த்தை, நரின்னு சொல்லித் தொலைச்சானா?"

"நரி இல்ல. டிலியா."

"அவளா? கட்டின புருஷனை முழுங்கினது போதலையாமா?"

டிலியாவின் புருஷன் ஃபெஸ்டி கடலோடு போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்று காலை அவள் அவன் எதிரே வந்துவிட்டாள் என்பதுதான் ஊர்ப் பேச்சு. பார்த்தவர் ஒருவரும் இல்லை. சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

மதியம் வானம் கறுத்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது. துறையில் கட்டிப்போட்டிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. கோல்மன் ஜன்னலோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? அவ வந்து நின்ன நேரம், எப்பேர்ப்பட்ட காத்து!"

"நேத்து சாயங்காலமே ரேடியோல சொன்னானே. கடைல எல்லாரும் கேட்டோமே" என்றாள் பார்பரா.

"டப்ளின்ல நாற்காலி தேய்க்கிறவனுக்கு நம்ம கடலைப் பத்தி என்ன தெரியும்?"

நேற்றுக் கடையிலும் இதையேதான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் மாவு வாங்க நின்ற டிலியா மட்டும் சிரிக்கவில்லை. பார்பராவுக்கு அது இப்போது ஞாபகம் வரவில்லை.

பொழுது சாயக் காற்று அடங்கியது. ஹாலோவீனுக்கு வீட்டுக் கதவுகளில் முட்டைக்கோஸ் எறிந்துவிட்டு ஓடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டு. இந்த வருஷம் எல்லா முட்டைக்கோஸும் ஒரே கதவில் விழுந்தது. எறிந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளே இல்லை.

சிதறிக் கிடந்த இலைகளை மிதித்துக்கொண்டு பார்பரா டிலியாவின் வீட்டுக்குள் போனாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பியிருந்தார்கள்.

"டிலியா, ஒரு வார்த்தைதான். இனிமே படகு இறங்குற நேரத்துல வெளிய வரமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"உக்காரு பார்பரா."

"உக்கார வரல."

மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றில் ஆவி பறந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வந்துபோகும் இறந்தவர்களுக்கு எல்லா வீட்டிலும் இப்படி ஆளுக்கொரு தட்டு வைப்பார்கள்.

"உங்க வீட்ல இன்னிக்கு எத்தனை தட்டு வைக்கிறே?" டிலியா கேட்டாள்.

"என் மாமனாருக்கு ஒண்ணு. எதுக்குக் கேக்கிறே?"

"ஒண்ணோட நிக்கட்டும்."

பார்பராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் படகு இறங்கியிருந்தால் இந்நேரம் மூன்று தட்டு வைத்திருப்பாள்.

"அப்ப நீ... வேணும்னேதான் வந்து நின்னியா?"

"விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். ரேடியோ சொன்னா சிரிக்கிறாங்க. என் தலைமுடி சொன்னா கேக்கறாங்க."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே. கடல் கொந்தளிக்கப் போகுதுன்னு."

"ராசியில்லாதவ சொல்றதை யார் கேப்பாங்க?"

பார்பரா உட்கார்ந்தாள். சத்தியம் வாங்க வந்தவள் கடைசியில் பேசக்கூடாததையே பேசினாள்.

"இவ்வளவு மனசு இருக்கிறவ, அன்னிக்கு மட்டும் ஏன் டிலியா ஃபெஸ்டி எதிர்ல போனே?"

டிலியா புருஷனின் தட்டைச் சற்று நகர்த்தி நேராக வைத்தாள்.

"அவரு இந்த வாசலைத் தாண்டிப் போனப்புறம்தான் ரேடியோல புயல்னு சொன்னான். கூப்பிடலாம்னு ஓடினேன். கதவுல கையும் வச்சுட்டேன். அதுக்குள்ள குரல் எட்டாத தூரம் போயிட்டாரு. பாதை வளைஞ்சு போகுது, குறுக்கே ஓடினா எதிர்லதான் போய் நிக்கணும். ராசியில்லாத முடியாச்சே, நம்மளால அவருக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு உள்ளயே நின்னுட்டேன்."

தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அன்னிக்கு நான் எதிர்ல போகல, பார்பரா."