பக்கத்து இருக்கையின் விளக்கு

எண்பது கிலோ மனிதரை எங்கள் கார் ஆளே இல்லை என்கிறது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் எரிவதும், ஆள் உட்கார்ந்தால் அணைவதும்தான் அந்த ஏர்பேக் விளக்கின் வேலை. என் கணவர் உட்கார்ந்தால் மட்டும் அது அணையவில்லை.

மெக்கானிக் இருக்கைக்கு அடியிலிருந்த சென்சாரை மாற்றிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். விளக்கு அணைந்தது. நான் உட்கார்ந்தேன், அணைந்தது. இவர் உட்கார்ந்தார், எரிந்தது.

"சார், நல்லா சாஞ்சு உட்காருங்க."

"இதுக்கு மேல சாஞ்சா பின்சீட்டுக்குத்தான் போவேன்!"

மெக்கானிக் சிரிக்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டியபோது இவர் பக்கம் பார்க்கவும் இல்லை.

வழியெல்லாம் இவர் கார் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார். என் கண் சாலையில் நிற்காமல் விளக்குக்கே போய்ப் போய் வந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன்" என்று எரிந்து விழுந்தேன்.

வீடு வந்ததும் கேட்டைத் திறக்க இறங்கினார். விளக்கு அணைந்தது. பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது.

கேட்டைப் பிடித்தபடி அவர் கையசைத்தார். "வா, வா, நேரா வா!"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டக்கென்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. மணி நின்றது.