பீனட் முனை

நவம்பர் மாதத்து மாலை வெயில் வடக்குப் பிலடெல்பியாவின் செங்கல் வீடுகள்மேல் சாய்ந்து கிடக்கிறது. மேம்பாலத்தில் ரயில் தடதடத்து ஓய்கிறது. லவோன் மளிகைப் பையோடு பேருந்துக்காக நிற்கிறாள். பழைய கார் ஒன்று அவளருகே வந்து நிற்க, கண்ணாடி இறங்கி, சூடான பீட்சா வாசம் வெளியே வருகிறது. ஓட்டுகிற இளைஞன் காதிலிருந்து போனை எடுக்காமலே தலையை நீட்டுகிறான்.

"ஏம்மா, பீனட் எங்க இருக்கு? பீனட்டுலேர்ந்து மூணாவது வீடுங்கிறாங்க. மேப்புல அப்படி ஒண்ணுமே காட்டலையே."

ஏழாம் மாதத்தில் பிறந்து, வேர்க்கடலை மாதிரி உள்ளங்கையில் அடங்கிக் கிடந்த மகனுக்கு லவோன் வைத்த செல்லப்பெயர் அது. அவன் குண்டடிபட்டு விழுந்து இறந்த தெருமுனைக்கு அக்கம்பக்கம் அதையே வைத்துவிட்டது. இந்த ஒன்பது வருஷத்தில், அவன் நினைவாக அங்கே வைத்த மெழுகுவர்த்திகள் போயின, கரடி பொம்மைகள் போயின, சுவரில் வரைந்திருந்த அவன் முகத்தின்மேல் முனைக் கடைக்காரர் நீலம் அடித்துவிட்டார். பலூன் கட்டிய ரிப்பன் ஒன்று விளக்குக் கம்பத்தில் வெளிறிப்போய்ப் படபடக்கிறது. பெயர்தான் எல்லார் வாயிலும் புழங்குகிறது.

"கடலைக் கடையாம்மா அது? இன்னும் இருக்கா, மூடிட்டாங்களா?"

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நீலச் சுவரைக் காட்டுகிறாள்.

"இருக்கான், தம்பி. அந்தா, அந்த முனையிலதான் நிக்கிறான்."

"சரி சார்," என்று அவன் போனில் சொல்கிறான். "அங்க ஆள் நிக்கிறாராம். அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

கார் அந்த முனையை நோக்கி நகர்கிறது.