பாலத்தில் எடுத்த படம்

கணவர் இறந்த பிறகு ஹெட்விக் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது. பள்ளித் தோழிகள் ரோஸ்விதாவும் மார்லீசும் அந்தச் சனிக்கிழமை அவளை விடாப்பிடியாகப் பாம்பெர்க் நகருக்கு ரயிலில் அழைத்துப்போனார்கள்.

மதியம் மூவரும் அந்த ஊருக்கே உரிய புகைவாடை பீரைக் குடித்தார்கள்.

"இது பீரா? புகையில வாட்டின பன்னித்தொடையைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்குடி" என்றாள் மார்லீஸ். ஹெட்விக் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு, ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பார்க்கப் பாலத்துக்கு வந்தார்கள். ஹெட்விக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்விதா அவள் அருகில் வந்து செல்போனை நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க, எங்களை ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?"

"என்னடி, புதுசா மரியாதையெல்லாம்?" என்றாள் ஹெட்விக்.

ரோஸ்விதா சங்கடத்தோடு திரும்பினாள். "மார்லீஸ், உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மார்லீஸ் உதட்டைப் பிதுக்கினாள். விளையாட்டில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. ஹெட்விக் செல்போனை வாங்கிக்கொண்டாள்.

தோழிகள் நடுவில் ஓராள் நிற்க இடம் விட்டு நின்றார்கள். "ஹெட்விக், கொஞ்சம் சிரியேன்டி" என்று மார்லீஸ் அந்தக் காலியிடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு பேரும் படத்துல வர்றோமா?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

திரையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"வர்றீங்க" என்றாள் ஹெட்விக். படத்தை எடுத்தாள். செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நன்றி சொல்லிவிட்டு அவர்கள் மறுகரையை நோக்கி நடந்தார்கள். நடுவில் அதே இடைவெளி இருந்தது. மார்லீஸ் அதன் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.